உஷார்! பட்டினி கிடந்தவருக்கு இலை போடப் போகிறீர்களா?

பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் சுருண்டு படுத்திருந்தவர் இன்றைக்கு எழுந்து உட்கார்ந்து "பசிக்குது" என்கிறார். வீடே பரபரக்கிறது. மகன் கோழி வாங்க ஓடுகிறான். மருமகள் ஹார்லிக்ஸைக் கெட்டியாகக் கலக்குகிறாள். பக்கத்து வீட்டம்மா நெய் சொட்டக் கேசரி கிண்டிக்கொண்டு வருகிறார். "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டா தெம்பு வந்துடும்" என்று மாமா ஆட்டோவைக் கூப்பிடுகிறார்.

நிறுத்துங்கள். எல்லாரும் அப்படியே நில்லுங்கள்.

அந்த மனிதர் மோசமாகத் தேய்ந்து போயிருந்தால் அவர் உயிருக்கு ஆபத்து இனிமேல்தான். பட்டினியையே தாக்குப்பிடித்த இதயம், சாப்பாடு திரும்பி வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தாளம் தப்பி நின்றுபோவது உண்டு. மருத்துவர்கள் இதை ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். நம் பக்கத்தில் "நல்லாத்தான் சாப்ட்டாரு, திடீர்னு போயிட்டாரு" என்று சொல்லி முடித்துவிடும் சாவுகளில் சில இந்தக் கணக்கில் சேரக்கூடும் என்பது என் சந்தேகம்.

வேதாரண்யத்தில் உட்கார்ந்து இதைச் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சோறு போட்டே பேர் வாங்கிய சீமை இது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகிகள் திருச்சியிலிருந்து கால்நடையாகக் கிளம்பினார்கள். அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் எச்சரிக்கை விட்டார். வழிநெடுக ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 28 அன்று படை வேதாரண்யம் வந்து சேர்ந்தபோது சர்தார் வேதரத்தினம் பிள்ளை முன்னின்று பார்த்துக்கொண்டார். கலெக்டர் தடுத்தே கேட்காதவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய் "முதல் வாரம் மெதுவாப் போடுங்க" என்றால் காதில் ஏறுமா? ஏற வேண்டும். இது சோறு போடாதே என்கிற பேச்சே இல்லை. எவ்வளவு, எப்போது, எதை முதலில் என்கிற பேச்சு.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் பயம் சரியான இடத்தில் நிற்கும். சாப்பாடு நின்றால் உடம்பு தன்னிடமுள்ள சர்க்கரைச் சேமிப்பை ஓரிரு நாளில் தீர்த்துவிடுகிறது. பிறகு கொழுப்பையும் சதையையும் கரைத்துப் பிழைக்கிறது. இன்சுலினுக்கு வேலை குறைந்துபோகிறது. செல்களுக்குள் இருக்க வேண்டிய பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சிறுநீரோடு போய்விடுகின்றன. கொடுமை என்னவென்றால் இந்த நேரத்தில் ரத்தத்தைச் சோதித்தால் பெரும்பாலும் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே காட்டும். இழப்பு செல்லுக்குள், சோதனை ரத்தத்தில். "டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க" என்று நிம்மதியாகிவிடுகிறோம்.

இப்போது ஒரு தட்டுச் சோறோ கேசரியோ குளுக்கோஸ் பாட்டிலோ உள்ளே போகிறது. மாவுச்சத்து சர்க்கரையாகிறது, இன்சுலின் குபீரென்று கிளம்புகிறது, காய்ந்து கிடந்த செல்களெல்லாம் ஒரே நேரத்தில் ரத்தத்திலிருக்கும் மிச்சசொச்ச பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன. ரத்தத்தில் அவற்றின் அளவு சரிகிறது. பாஸ்பேட் இல்லாமல் செல் சக்தியை உண்டாக்க முடியாது. மூச்சு இழுக்கும் தசைகூடத் தளர்ந்துவிடும். பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடும். சர்க்கரையை எரிப்பதற்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் வேண்டும். உடம்பில் அதன் கையிருப்பு சில வாரங்களுக்கு மேல் வராது. அது தீர்ந்தவருக்குச் சர்க்கரையைக் கொட்டினால் மூளை அடிபடும். போதாக்குறைக்கு இன்சுலின் சிறுநீரகத்தை உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்கச் சொல்கிறது. பட்டினியில் மெலிந்துபோன இதயம் அந்தத் தண்ணீர்ச் சுமையைத் தள்ள முடியாமல் திணறும்.

இது யாரோ கட்டிவிட்ட பூச்சாண்டி இல்லை. 1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமை விடுவித்தது. எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களைப் பார்த்துப் பதறிய சிப்பாய்கள் தங்கள் டின் இறைச்சியையும் மற்றதையும் அள்ளிக் கொடுத்தார்கள். விடுதலைக்குப் பிறகு அந்த முகாமில் பதின்மூவாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். டைபஸ் காய்ச்சலும் முற்றிய பட்டினியும்தான் பெரும் காரணம். ஆனால் தாங்காத சாப்பாட்டால் போனவர்களும் அதில் உண்டு. பிறகு மருத்துவர்கள் அங்கே கொடுத்துப் பார்த்தது எதை என்கிறீர்கள்? 1943 வங்கப் பஞ்சத்தில் இங்கே பயன்பட்ட கலவையை. ஆமாம், வங்காளத்தில் நம் ஜனங்கள் செத்து விழுந்தபோது உருவான பக்குவம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. (அதிலிருந்த தித்திப்பு பெல்சனில் பலருக்குப் பிடிக்கவில்லை, பசித்தவருக்கும் நாக்கு இருக்கிறது.) அதே உலகப் போரின் முடிவில் பிலிப்பைன்ஸ் காடுகளில் பட்டினி கிடந்து சரணடைந்த ஜப்பானியச் சிப்பாய்களுக்கு அமெரிக்க முகாமில் தாராளமாகச் சாப்பாடும் வைட்டமின்களும் கொடுத்தார்கள். அப்படியும் ஐந்தில் ஒருவர் இறந்ததாக 1951இல் ஒரு மருத்துவ ஆய்வு பதிவு செய்தது.

வதைமுகாமும் போர்க்களமும் நமக்கு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். கோடியக்கரையிலிருந்து ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம், வெள்ளப்பள்ளம் வரை நடந்து பாருங்கள். பட்டினி நம் வீடுகளில் பட்டினி என்ற பேரோடு வருவதில்லை.

தாத்தா போன பிறகு தனியாக இருக்கும் அப்பாயியைப் பாருங்கள். பிள்ளைகள் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ. "ஒருத்திக்கு எதுக்கு உலை வைக்கணும்" என்று காலையில் ஒரு டீ, மதியம் ஒரு டீயோடு பன், இடையிலெல்லாம் வெற்றிலை பாக்கு. பசியை அடக்க இதைவிட மோசமான கூட்டணி கிடையாது. டீயிலும் பாக்கிலும் இருக்கும் சில பொருள்கள் தயமினைச் செயலிழக்கச் செய்கின்றன என்பது ஆய்வில் தெரிந்த சங்கதி. ஆறு மாதத்தில் ஜாக்கெட் தொளதொளக்கிறது, வளையல் முழங்கைவரை ஏறி இறங்குகிறது. தீபாவளிக்கு வரும் பிள்ளைகள் "என்ன ஆத்தா இப்படி எளச்சுட்டே" என்று அழுதுகொண்டே ஒரே நாளில் ஆறு மாதக் கடனை அடைக்கப் பார்க்கிறார்கள். லட்டு, கறிக்குழம்பு, இரண்டு வேளை சத்து மாவு. அந்த வாரம்தான் அப்பாயியைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய வாரம்.

அடுத்தவர் குடிப்பவர். ஒரு வாரம் தொடர்ந்து டாஸ்மாக் சரக்கும் ஊறுகாயும், நடுவில் ஒரு வாய்ச் சோறு கிடையாது. எட்டாம் நாள் கைகால் நடுங்க வீட்டுக்கு வருகிறார். பெண்டாட்டி பதறி அருகிலுள்ள கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறார். குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். உஷார்! இந்த இடத்துக்குத்தான் பெரிய உஷார். மதுவே தயமினை உடம்பில் சேரவிடாது. அந்த நிலையில் பி1 ஊசி போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் வெர்னிக்கி என்ற மூளைக் கோளாறு வெடிக்கலாம். கண் அசைவு குழம்பும், நடை தள்ளாடும், புத்தி பேதலிக்கும். தாமதித்தால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடும். தள்ளாட்டத்தைப் பார்த்து "இன்னும் போதை தெளியல" என்று மூலையில் படுக்க வைத்துவிடுவோம். இதில்தான் ஆள் போய்விடுகிறார். ஆகவே அப்படிப்பட்டவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் வாசலிலேயே சொல்லுங்கள்: "சார், எட்டு நாளா குடிச்சிருக்காரு, சாப்பிடல. பி1 ஊசி போட்டுட்டு ஏத்துறீங்களா?" கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். வேலை தெரிந்த டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குளுக்கோஸ் பாட்டில் என்றால் நம் ஜனங்களுக்கு அலாதி மரியாதை. அது தெம்பு மருந்து இல்லை, சர்க்கரைத் தண்ணீர். ரத்தத்துக்குள் நேராகப் போகிற சர்க்கரைத் தண்ணீர். நீண்ட நாள் மெலிந்திருந்தவர்களுக்கு நரம்பு வழியாக அவசர அவசரமாக ஊட்டம் ஏற்றியதில் மரணம் நேர்ந்ததை 1981இலேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். அது நடந்தது நல்ல வசதியுள்ள மருத்துவமனையில், நல்லது செய்ய வேண்டும் என்ற அவசரத்தில்.

காசநோயாளிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டுபிடித்த உடனேயே எடையும் உயரமும் பார்க்கிறார்கள். உடல் நிறை எண் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, 16 வரை இருந்து இரண்டு காலும் வீங்கியிருந்தாலோ, பிடிமானமில்லாமல் நிற்க முடியாவிட்டாலோ, மூச்சு இரைத்தாலோ வீட்டுக்கு அனுப்பாமல் சேர்க்கையில் வைக்கப் பார்க்கிறார்கள். "மாத்திரையத்தான் வீட்லயே திங்கலாமே, எதுக்கு படுக்கை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். அந்த எடையில் மருந்தைப்போலவே சாப்பாட்டையும் மருத்துவர் கண் முன்னால்தான் ஆரம்பிக்க வேண்டும். காசநோயாளிகளுக்கு ஊட்டத்துக்காக நிக்ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1000. வங்கிக் கணக்கில் ஏறுகிறதா என்று பாருங்கள், பலர் பார்ப்பதே இல்லை.

விரதக்காரர்களையும் விட முடியாது. சிக்கல் சிங்காரவேலரை நினைத்துக் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் ஒருவேளைப் பலகாரத்தோடு இருப்பவர்களுக்கு இந்தப் பயம் தேவையில்லை. காலங்காலமாக இருந்து வருகிறார்கள். நான் கவலைப்படுவது, தண்ணீரும் மிளகும் மட்டும் என்று ஆறு நாளும் கிடப்பவர்களைப் பற்றி. அதிலும் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், ஏற்கெனவே ஒல்லியானவர், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர், கீமோ சிகிச்சையில் இருப்பவர் என்றால் ஆபத்து இரட்டிப்பு. முருகன் கணக்குப் பார்க்க மாட்டார், இதயம் பார்க்கும்.

அப்புறம் பிள்ளைகள். போனில் யாரோ சொன்னான் என்று தண்ணீர் மட்டும் குடித்து ஒரு வாரம், ஜூஸ் மட்டும் குடித்து இரண்டு மாதம். 2025இல் கேரளத்தின் கண்ணூர்ப் பக்கம் ஓர் இளம்பெண்ணும், சில மாதங்களில் குமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கம் ஒரு மாணவனும் இப்படிப்பட்ட உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு இறந்ததாகச் செய்திகள் வந்தன. பெண்பிள்ளைக்கு மாதவிலக்கு நின்றுபோனாலோ, சாப்பிட்ட உடனே பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினாலோ, எல்லார் தட்டிலும் பரிமாறிவிட்டுத் தான் மட்டும் நழுவினாலோ கவனியுங்கள். "அழகா எளச்சுட்டா" என்ற பாராட்டை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். இது அடம் இல்லை, மனநோயில் ஒரு வகை. டெலி-மானஸ் எண் 14416; தமிழில் பேசலாம்.

சரி, யாரை வீட்டில் வைத்துத் தேற்றலாம், யாரை மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும்? பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2006இல் வெளியிட்ட வழிகாட்டியைத்தான் உலகில் பலரும் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். பத்து நாளுக்கு மேல் அநேகமாக ஒன்றும் சாப்பிடாதவர். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தானாகவே எடையில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் இழந்தவர், அதாவது 50 கிலோ இருந்து 42க்கு வந்தவர். உடல் நிறை எண் 16க்குக் கீழே இருப்பவர். இதில் ஏதேனும் ஒன்று இருந்தாலே மருத்துவர் இல்லாமல் சாப்பாட்டை ஆரம்பிக்காதீர்கள். உடல் நிறை எண்ணைக் கணக்குப் போடத் தெரியாவிட்டால் ஒரு தோராயம்: 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 36 கிலோவுக்குக் கீழே, 160 சென்டிமீட்டர் உள்ளவர் 41 கிலோவுக்குக் கீழே இருந்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். ஐந்து நாளுக்கு மேல் சாப்பிடாமல், கூடவே குடியும் சேர்ந்திருந்தால் அவரும் இதே வரிசைதான். வேதாரண்யம் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து அனுப்பினால் நாகப்பட்டினம் அருகே ஒரத்தூரில் 2022இல் திறந்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, திருவாரூரும் தஞ்சாவூரும் இருக்கின்றன. சோடியம், பொட்டாசியம் பார்ப்பார்கள். பாஸ்பேட்டையும் மெக்னீசியத்தையும் பார்க்கும்படி நீங்கள் கேளுங்கள். சாப்பாடு ஆரம்பித்த பிறகும் சில நாள் தினமும் பார்க்க வேண்டிய சோதனை அது, ஒரு தடவையோடு முடியாது.

அங்கே எவ்வளவு கொடுத்து ஆரம்பிப்பார்கள் தெரியுமா? அதிக ஆபத்துள்ளவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குப் பத்து கலோரி. 40 கிலோ ஆளுக்கு 400 கலோரி. ஒரு கிண்ணம் சோறு, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். நாள் முழுமைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு முன்பே தயமின். பிறகு நாலு முதல் ஏழு நாளில் படிப்படியாக முழுச் சாப்பாடு. பார்க்கிற சொந்தக்காரர்களுக்கு வயிறு எரியும். "ஆஸ்பத்திரில பட்டினி போடுறாங்க" என்று தூக்குச்சட்டியில் பிரியாணி கடத்தாதீர்கள். ஒரு தட்டுப் பிரியாணி அந்த 400ஐ ஒரே வேளையில் தாண்டிவிடும்.

இவ்வளவு மோசமில்லை, ஐந்தாறு நாள் காய்ச்சலிலோ துக்கத்திலோ சாப்பாடு இறங்கவில்லை, மற்றபடி திடமான ஆள்தான் என்றால் முதல் இரண்டு நாள் வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதிக்கு மேல் போக வேண்டாம். அந்தப் பாதியையும் மூன்று வேளையாக வைக்காமல் ஆறு வேளையாகப் பிரியுங்கள். ஒருநாள் இரண்டுநாள் காய்ச்சல்காரருக்கு இந்தக் கட்டுரையே வேண்டாம். அவருக்கு ரசஞ்சோறு போடுங்கள்.

எதைக் கொடுப்பது என்பதில் நம் அடுப்படிக்கு வெளியே தேட வேண்டியதில்லை. புழுங்கலரிசி நொய்க் கஞ்சி. வடிக்காத கஞ்சி என்பதுதான் முக்கியம். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்கள் புழுங்கலரிசி தின்றார்கள். அதே மலாயாவில் தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி வந்து கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நம்மவர்களை அது அண்டவில்லை. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து அரிசியில்தான் சூட்சுமம் என்றார். 1905இல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஃப்ளெட்சர் என்ற டாக்டர் ஒரு பாதியினருக்கு வெள்ளையரிசியும் மறுபாதியினருக்குப் புழுங்கலும் போட்டுப் பார்த்தார். வெள்ளையரிசிக்காரர்கள் வரிசையாகப் படுத்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கடியில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால்தான் புரிந்தது. அப்படி இறங்கியதையும் நாம் நாலு தண்ணீரில் கழுவி, கொதித்த கஞ்சியை வடித்துக் கொட்டி வீணாக்குகிறோம். தேறுகிறவருக்காவது ஒரு தண்ணீரில் களைந்து, வடிக்காமல் குழைய வேகவையுங்கள். ஆனால் முற்றிய நிலையில் இருப்பவருக்குக் கஞ்சியிலுள்ள பி1 போதவே போதாது, ஊசியோ மாத்திரையோதான்.

கஞ்சியை மட்டுமே நாள் முழுக்க ஊற்றுவதும் தப்பு. அது வெறும் மாவுச்சத்து. இன்சுலினைக் கிளப்புகிற வேலையைத்தான் செய்யும். கூடவே பால், தயிர், மோர் வேண்டும், பாஸ்பேட் அதில் தாராளம். வயிறு கேட்டால் குழைந்த பாசிப்பருப்பு, அவித்த முட்டை, முள் எடுத்த மீன் ஒரு துண்டு. வெல்லப் பாயசம், குளுக்கோஸ் பவுடர், சர்பத், பெட்டி ஜூஸ் முதல் வாரம் வீட்டுப் படியேறக் கூடாது. உப்பளத்து ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன், கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் அந்த வாரம் வேண்டாம். பிடித்துவைக்கத் துடிக்கும் உடம்புக்கு உப்பு தண்ணீரைச் சேர்க்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீரை அன்பின் பேரால் நீட்டாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். சர்க்கரைக்காரருக்குப் பட்டினி நாளில் குறைத்த மாத்திரையும் இன்சுலினும் சாப்பாடு ஏறும்போது திரும்ப மாற வேண்டும். அதுவும் டாக்டர் வேலை, பக்கத்து வீட்டுக்காரர் வேலை இல்லை.

இப்போது ஆபத்தின் அடையாளங்களுக்கு வருகிறேன். இதில்தான் நாம் மிகவும் ஏமாறுகிறோம். சாப்பிட ஆரம்பித்து முதல் ஐந்து நாளுக்குள் முகமும் காலும் உப்பினால் "பாரு, சதை புடிக்குது" என்று சந்தோஷப்படுகிறோம். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். கணுக்காலில் விரலை அழுத்தி எடுங்கள், குழி நின்றால் புறப்படுங்கள். சம்பந்தமில்லாமல் பேசினால் "வயசாயிடுச்சு" என்கிறோம், சில வீடுகளில் சாமி வந்திருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சு படபடப்பது, ஒன்று இரண்டாகத் தெரிவது, கைகால் மதமதப்பது, எழுந்து நிற்கத் தள்ளாடுவது, வலிப்பு. எது வந்தாலும் அடுத்த வேளைக் கஞ்சிக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வேதாரண்யத்திலிருந்து நாகை போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்துச் சீக்கிரம் கூப்பிடுங்கள்.

முதல் வாரம் தாண்டிவிட்டால் பயத்தின் திசை மாறுகிறது. இனி கஞ்சத்தனம் கூடாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 1944 கடைசியில் ஒரு சோதனை தொடங்கினார். போருக்குப் போக மறுத்து, அதற்குப் பதிலாக இதற்கு இசைந்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைவயிற்றில் வைத்தார். எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. அவர்களுக்கு நாளெல்லாம் சாப்பாட்டு நினைப்புதான். சமையல் புத்தகம் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், சிலருக்கு மனமே கலங்கியது. பிறகு மெல்ல உணவைக் கூட்டிப் பார்த்ததில், கொஞ்சமாகக் கூட்டியவர்கள் தேறவே இல்லை. நாளைக்கு நாலாயிரம் கலோரி அளவுக்குப் போன பிறகுதான் உடம்பு நிமிர்ந்தது. வயிறு முட்டத் தின்ற பிறகும் பசி அடங்காமல் பல மாதம் தவித்தவர்கள் உண்டு.

வீட்டில் இதுவேதான் நடக்கும். தேறுகிறவர் இரண்டாம் வாரத்தில் ராத்திரி பதினோரு மணிக்கு அடுக்களையில் பாத்திரத்தை உருட்டுவார். "அலையுறியே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். பசியாற்ற வேண்டிய கடன் உள்ளே நிறையக் கிடக்கிறது. வேறு சிலருக்கு நேர்மாறு. பசியே தெரியாது, இரண்டு கவளத்தில் வயிறு உப்பி நிற்கும். நாளாக வேலை செய்யாத இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். இரண்டு பேருக்குமே பசியை நம்ப முடியாது, கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். இரண்டரை மூன்று மணிக்கொரு தரம் ஏதாவது. காலையில் பழைய சோறும் தயிரும், பத்து மணிக்கு ஒரு முட்டையோ வேர்க்கடலை உருண்டையோ, மதியம் மீன் குழம்புச் சோறு, மாலையில் சுண்டல், இரவில் இரண்டு இட்லி, படுக்கும்போது பால். டீயைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்காதீர்கள், அந்த இரண்டு கவளப் பசியையும் அது தின்றுவிடும். திரும்பி வரும் எடை முதலில் வயிற்றைச் சுற்றித்தான் விழும். கண்ணாடியைப் பார்த்துக் கலங்கும் பிள்ளை அந்த இடத்தில் மறுபடி பட்டினிக்குத் திரும்பும். பல மாதத்தில் அது உடம்பெங்கும் பரவிச் சமனாகும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தனியாக இருக்கும் அப்பாயிக்கு இந்தக் கடிகாரத்தை யார் ஓட்டுவது? கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் இந்தக் கரையில் ஏறி, தென்னையும் மாவும் முந்திரியும் சாய்ந்து, வாரக்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்தபோது தெருவுக்கு ஒரு பொது அடுப்பு எரிந்த ஊர்கள் இவை. புயல் இல்லாத நாளிலும் நாலு வீடு முறைபோட்டு ஒரு வயசாளிக்கு ஒருவேளைத் தூக்குச்சட்டி கொண்டுபோவது முடியாத காரியம் இல்லை. எடுத்துப் போகிறவர் கொடுத்துவிட்டு ஓடாமல், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்து, கணுக்காலை ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு வரட்டும்.